வேலையை விடும் முன் எண்ண வேண்டியவை

பதினோரு வருஷம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்மோட்டார் பாடம் நடத்தினேன். சமன்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு மோட்டாருக்குக்கூட என் கையால் காயில், அதாவது உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள், கட்டியதில்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பட்டறையில் முதன்முதலாக உட்கார்ந்த சனிக்கிழமை, எரிந்துபோன 5 எச்.பி. மோட்டார் ஒன்றைப் பிரிக்கக் கொடுத்தார்கள். கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏற, உளியால் காயில் தலையை வெட்டி, ஸ்லாட் என்கிற பள்ளம் ஒவ்வொன்றிலிருந்தும் பழைய காப்பரை உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டே போனேன். முப்பத்தாறு ஸ்லாட்டும் காலியானதும் பெருமையாக நிமிர்ந்தேன். பட்டறை மாஸ்டர் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் சார், ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை சுத்துங்?"

எனக்குத் தெரியவில்லை.

"எண்ணாமயே உருவிப் போட்டீங்ளா?"

எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (பருமன்), எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போயிருக்கிறது, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா, எல்லாவற்றையும் பழைய காயிலே சொல்லிவிடும். உருவிப் போட்ட பிறகு அது வெறும் பழைய செம்பு. நான் பேப்பரை எடுத்து ஃபார்முலா போட ஆரம்பித்தேன். மாஸ்டர் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு நோட்டைத் திறந்து, அதே மாதிரி மோட்டார் ஒன்றை ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டியபோது எழுதிவைத்த கணக்கைக் காட்டினார். என் ஃபார்முலா பாதியில் நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கல்லூரி வேலையை விடுவதா வேண்டாமா என்று இரண்டு வருஷமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததை அதில்தான் இறக்கினேன். இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு காயில் பட்டறை இருக்கிறது. "எப்படி சார் தைரியம் வந்துச்சு?" என்று கேட்கிறவர்களிடம் வரவில்லை என்றுதான் சொல்கிறேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றைக்கும் கை நடுங்கியது. எதற்கு நடுங்குகிறது என்பது மட்டும் வரிவரியாகத் தெரிந்திருந்தது. முதல் முறையாக இந்த யோசனையில் இருப்பவர்களுக்கு, நான் செய்த வரிசையையும், செய்யத் தவறி உதைபட்ட இடங்களையும் சொல்கிறேன்.

1. பயத்துக்குப் பக்கத்தில் ரூபாய் எழுதுங்கள்

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் பயம், வலது பக்கம் தொகை. எனக்கு ஒன்பது பயம் வந்தது. வீட்டுக் கடன் தவணை: மாதம் 14,200. மகளின் பள்ளிக் கட்டணம்: மாதக் கணக்கில் 4,000. அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை: 2,100. திடீரென்று ஆஸ்பத்திரி என்றால்? சொந்தமாக எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தை எழுதினேன். போட்ட முதல் மொத்தமும் போய்விட்டால்: 1,80,000. தோற்றுப்போய்த் திரும்ப வேறு கல்லூரிக்குப் போனால்: மாதம் பத்தாயிரம் குறைத்துக் கொடுப்பார்கள்.

ஆறு பயத்துக்குத் தொகை வந்துவிட்டது. தொகை வந்த பயத்தைச் சேமித்தோ, தள்ளிப்போட்டோ, காப்பீடு எடுத்தோ சமாளிக்கலாம். மீதி மூன்றுக்கு வலது பக்கம் காலியாகவே நின்றது: அப்பா என்ன சொல்வார், மாமனார் வீட்டில் என்ன பேசுவார்கள், பழைய மாணவன் எவனாவது பட்டறையில் என்னைப் பார்த்துவிட்டால். இவற்றுக்கு என்ன செய்வது என்று பிறகு வருகிறேன். பணப் பயத்தையும் மானப் பயத்தையும் கலந்து வைத்திருந்தால் இரண்டுமே பூதமாகத் தெரியும். எனக்கு இரண்டு வருஷம் அப்படித்தான் போனது.

அதே பக்கத்தின் கீழே ஒரு கேள்வியும் எழுதுங்கள்: துறைத் தலைவர் மாறி, சம்பளமும் ஒன்றாம் தேதி ஒழுங்காக வந்தால் இங்கேயே இருப்பேனா? ஆமாம் என்றால் உங்களுக்கு வேண்டியது வேறு கல்லூரியோ வேறு கம்பெனியோதான். தொழிலையே மாற்ற வேண்டியதில்லை. கோபத்தில் எழுதிய ராஜினாமாவுக்கு ஆயுசு ஒரு வாரம். எட்டாவது நாள் வீட்டில் உட்கார்ந்து யாருக்குப் போன் போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

2. வீடு உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது

மூன்று மாதம் ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். மாதம் 32,000 ஆகும் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். எழுதிப் பார்த்தால் 41,000. தீபாவளித் துணி, வண்டி இன்ஷூரன்ஸ், ஜூன் மாதப் புத்தகம் சீருடை, கோயில் வரி என்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவை அந்த 32,000 கணக்கிலேயே இல்லை. முக்கியமாக மொய். வைகாசியிலும் ஆவணியிலும் வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வரும். வேலை போய்விட்டது என்று மொய்யைக் குறைக்க முடியாது. வேலையில் இருப்பவன் ஐந்நூறு வைக்கலாம், வேலையை விட்டவன் ஐந்நூறு வைத்தால் "பாவம்" என்பார்கள்.

வருஷச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் வேறு வருமானம் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள், 13,000 சம்பளம். ஆக மாதம் 28,000 துண்டு விழும். ஆறு மாதக் கையிருப்பு போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்குப் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கப் பத்து மாதம் ஆனது. அதனால் பன்னிரண்டு மாதத்துக்கு வையுங்கள் என்பேன். அந்தப் பணத்தைத் தொழில் முதலோடு கலக்கவே கூடாது, தனிக் கணக்கில் கிடக்கட்டும்.

வட்டிக்கடையில் கடன் ஓடிக்கொண்டிருந்தாலோ, வீட்டில் யாருக்காவது பெரிய சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலோ, இந்த இடத்திலேயே நோட்டை மூடி வையுங்கள். அதை முடித்துவிட்டு வந்து திறக்கலாம்.

3. பழைய வேலையில் உங்களுக்கு என்னென்ன பாக்கி

இதை நிறையப் பேர் எண்ணாமல் உருவிப் போடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிராஜுட்டி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் தொடர்ந்து ஐந்து வருஷம் முடித்திருந்தால், ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. நான் விட்டபோது இருந்த கணக்கு இது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு 28,000 × 15 ÷ 26 × 11, அதாவது 1,77,692 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டை ஓட்டும் பணம். "வாத்தியார்களுக்கு அதெல்லாம் கிடையாது" என்றுதான் அலுவலகத்தில் முதலில் சொன்னார்கள். 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்தே ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்று ஆக்கிவிட்டார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசியபிறகு பேச்சு மாறியது. நாலரை வருஷம் முடித்தவர்கள் தயவுசெய்து ஐந்தைத் தொட்டுவிட்டு விடுங்கள். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்காக அலைவதைவிட மூன்று நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வது சுலபம்.

பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. விட்டவுடனே எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கிடந்தால் வட்டி வரும். ஐந்து வருஷம் ஆகாமல் எடுத்தால் வரி விழும். முன்பு இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் முழுத்தொகையும் எடுக்கலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். வாரியம் வேறு மாதிரி முடிவெடுத்தது: முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், மீதிக் கால் பங்குக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். நீங்கள் விடுகிற தேதியில் எது நடப்பில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு அந்தப் பணத்தைக் கணக்கில் சேருங்கள். ஓய்வூதியப் பகுதி தனி. பத்து வருஷம் பங்களிப்பு இருந்தால் பிற்பாடு மாத ஓய்வூதியம் வரும். ஒன்பது வருஷத்தில் இருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். நிர்வாகம் நீங்கள் விலகிய தேதியை ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதியலாம்.

மருத்துவக் காப்பீடு. அலுவலகக் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். நான் சறுக்கியது இங்கேதான். விட்டபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். புதுப் பாலிசியில் முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு வைக்கலாம். அந்த முப்பது நாளுக்குள் மகளுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தோம், பில் 38,000. வேலையில் இருக்கும்போதே சொந்தப் பாலிசி ஒன்றை ஆரம்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால், குழுவிலிருந்து அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று விலகும் முன்பே கேளுங்கள். மாற்றினால் பழைய காத்திருப்புக் காலம் வீணாகாது.

அசல் சான்றிதழ். எங்கள் கல்லூரியில் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது, இருந்தும் வைக்கிறார்கள். நான் கடிதம் கொடுப்பதற்கு ஐந்து மாதம் முன்பே பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிவிட்டேன். பொய்தான். பாஸ்போர்ட்டை இன்னும் எடுக்கவில்லை.

கடைசியாக, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்வரைதான் வங்கி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். வாடகை வீடு மாற வேண்டும், வீட்டுக் கடனை வட்டி குறைந்த வங்கிக்கு மாற்ற வேண்டும் என்றால் அதையெல்லாம் முன்னாலேயே முடியுங்கள். ஆனால் சம்பளத்தைக் காட்டித் தனிநபர் கடன் வாங்கித் தொழிலில் போடாதீர்கள். முதல் தவணை முதல் வாடிக்கையாளருக்கு முன்னால் வந்துவிடும்.

4. புது வேலையை ஓரமாகச் செய்து பாருங்கள்

பதினான்கு மாதம் சனி, ஞாயிறு, அப்புறம் ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த மாஸ்டரிடம் உட்கார்ந்தேன். முதல் நாலு மாதம் காசு எதுவும் இல்லை, டீயும் பன்னும் மட்டும். அதற்குப் பிறகு ஒரு மோட்டாருக்கு நூற்றைம்பது கொடுத்தார். என் வாழ்க்கையிலேயே மிகவும் எண்ணிப் பார்த்த நூற்றைம்பது ரூபாய் அதுதான்.

பாடப் புத்தகத்தில் கிடைக்காத விஷயங்கள் அங்கேதான் தெரிந்தன. காயில் தொழிலுக்கு மாசியிலிருந்து வைகாசி வரைதான் சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்கும், மோட்டார் நாள் முழுக்க ஓடும், வோல்டேஜ் குறையும், கரண்டில் மூன்று பேஸில் ஒன்று போகும், எரியும். மழை பிடித்துவிட்டால் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மற்ற வாத்தியார்கள் மாதிரி நானும் மே மாதம் வேலையை விட்டிருந்தால், நேராகத் தென்மேற்குப் பருவமழைக்குள் கடையைத் திறந்திருப்பேன். அதனால் டிசம்பரில், செமஸ்டர் முடிந்ததும் விட்டேன். எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு மாதக் கணக்கு இருக்கும். கேட்டரிங் என்றால் ஆடி, மார்கழி. தையல் என்றால் தீபாவளிக்கு முன், தீபாவளிக்குப் பின்.

முதுகு வலி, கையில் வார்னிஷ் அரிப்பு, "நாளைக்கே வேணும்" என்று கத்துகிற விவசாயி, கடன் சொல்லிவிட்டுப் போகிறவர், எல்லாவற்றையும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பார்த்தபிறகும் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகும்போது மனசு பட்டறையில் இருந்தால் சரி.

ஒரே தாவாகத் தாவியவர்கள் என்று நாம் கேட்கும் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். இயற்கை விவசாயத்துக்குப் பேர்போன நம்மாழ்வார் 1969-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறியதைச் சொல்கிற அளவுக்கு, அதன்பிறகு பத்து வருஷம் போலக் களக்காட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்ததைச் சொல்வதில்லை. உதறிய கையோடு அவரும் இன்னொரு இடத்தில் கால் ஊன்றித்தான் நின்றார்.

உங்கள் பக்கத்தில் மாஸ்டர் யாரும் கிடைக்கவில்லையா? மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உண்டு. சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். மோட்டார் காயில் கட்டுவது, தையல், கைபேசி பழுது, பால் மாடு என்று நிறைய இருக்கிறது. வயது வரம்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள், தகுதி இருந்தால் வாங்குங்கள். மானியம் வரும் என்று நம்பி ராஜினாமா தேதி குறிக்காதீர்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இலவசம். அதற்கு யாராவது இரண்டாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. வீட்டில் சொல்வது

வலது பக்கம் காலியாக நின்ற பயங்கள் இங்கே வருகின்றன. நான் செய்த தப்பு, முதலில் நண்பர்களிடம் சொன்னது. அவர்கள் முதுகில் தட்டி "செய்டா" என்பார்கள். தவணை கட்டப்போவது அவர்கள் இல்லையே. கூட உட்கார்ந்து பட்டினி கிடக்கப்போகிறவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மனைவியிடம் பேச்சாகச் சொன்னபோதெல்லாம் சண்டையில் முடிந்தது. ஒருநாள் ஒன்றும் பேசாமல் நோட்டைக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எத்தனை மாசம்?"

அதுதான் சரியான கேள்வி. "சரிப்பட்டு வரும்வரை" என்று பதில் சொல்லக் கூடாது. அடுத்த வருஷம் கார்த்திகைக்குள் மாதம் இருபதாயிரம் கையில் நிற்கவில்லை என்றால் திரும்ப வேலை தேடுகிறேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். எங்கே நிறுத்துவது என்று எழுதிவைத்த பிறகுதான் ஆரம்பிக்க எனக்கே மனசு வந்தது. அதற்கு முன்னால், ஒருமுறை விட்டால் ஆயுசுக்கும் விட்டது என்கிற மாதிரி பயந்துகொண்டிருந்தேன்.

அப்பா அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் தறி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவர். "காயில் கட்டறதுக்கா இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதில் சொல்லிப் புரியவைக்க நினைக்காதீர்கள். அந்த வயதில் அவர்களுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம், நம்மைப் போல நோட்டில் எழுதிப் பார்க்கும் பழக்கமும் இல்லை. மாதா மாதம் அம்மாவின் மருந்துச் செலவு தவறாமல் போய்க்கொண்டிருந்தது, அதுதான் பேசியது. அம்மா சொந்தக்காரர்களிடம் "பையன் மோட்டார் கம்பெனி வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர், ஒரு கை மெஷின், கம்பெனிதான்.

கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "காலேஜ விட்டுட்டேனுங்க, மோட்டார் காயில் பட்டறை போட்டிருக்கேன், உங்க தோட்டத்து மோட்டார் எப்படி ஓடுது?" பேச்சு உடனே அவர்கள் மோட்டாருக்குப் போய்விடும். எனக்கு இப்படியே மூன்று வாடிக்கையாளர் கிடைத்தார்கள்.

6. கடிதமும் முதல் மூன்று மாதமும்

கடிதம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். குறை எதையும் எழுதாதீர்கள். நியமன ஆணையில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ அத்தனை நாள். நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், மின்னஞ்சலிலும் ஒன்று போடுங்கள். அனுபவச் சான்றிதழும் விடுவிப்பு ஆணையும் கையில் வரும்வரை யாரோடும் சண்டை வேண்டாம்.

விட்டபிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று, காலை பத்து மணி. பதினோரு வருஷமாக மணியடித்தால் வகுப்புக்குப் போன உடம்பு அந்த நேரத்துக்குத் தவிக்கும். வேலை இருக்கிறதோ இல்லையோ எட்டரைக்குப் பட்டறையைத் திறந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மோட்டார் வராத நாளில் மாஸ்டரின் நோட்டை வாங்கிவந்து என் நோட்டில் பிரதி எடுத்தேன்.

இரண்டாவது மாதம், டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்னால் 3 எச்.பி. மோட்டாரை வைத்துக்கொண்டு ஒரு பையன் வந்து நின்றான். என்னைப் பார்த்ததும் வண்டியை அணைக்க மறந்துவிட்டான். "சார், நீங்களா?" 2016 பேட்ச், கடைசி பெஞ்ச், மெஷின்ஸ் பேப்பரில் ஒருமுறை அரியர். நாலு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த காட்சி இதுதான். காது சூடாகிவிட்டது. அவன் மோட்டாரை இறக்கிவைத்தான், எவ்வளவு ஆகும் என்று கேட்டான், சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "நம்ம ஸ்டூடண்டுங் சார், ஒரு எரநூறு கொறச்சுக்குங்க" என்றான்.

குறைத்துக்கொண்டேன். ராத்திரி நோட்டை எடுத்து, "பழைய மாணவன் பார்த்தால்" என்ற வரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் 200 என்று எழுதினேன்.